யாரும் திறந்து பார்க்காத இன்ஜின்

பிரிக்பீல்ட்ஸில் என்னோடு வளர்ந்தவர்களில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். எங்கள் வீட்டுச் சாம்பல் நிறக் காரை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நான்கு கதவு வைத்த சின்ன சலூன் கார். பின் ஜன்னல்களில் அம்மா தைத்துப் போட்ட மஞ்சள் பூத்துணித் திரை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது உங்களில் இரண்டு பேராவது அதில் நெருக்கியடித்து ஏறி, என் மடியில் உட்கார்ந்து வந்திருப்பீர்கள். அந்தக் காரைப் பற்றி உங்கள் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். இனிச் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அது ரப்பர் விலை விழுந்த காலம். எனக்கு ஒன்பது வயது. தோட்டங்களில் பால் வெட்டு நின்று, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் நடத்திய மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வேலை. பாதிப் பேரை நிறுத்தியாகிவிட்டது. அப்பா மிச்சம் இருந்தார். அவருக்கு இன்ஜின் வேலை தெரிந்த அளவுக்கு அங்கே வேறு யாருக்கும் தெரியாது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வாடிக்கையாக வரும் ஒரு தோட்டத்துத் துரைக்கு ரேஸ் பைத்தியம். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பச்சைக் கார் ஒன்று வைத்திருந்தார். மலை ஏறும் பந்தயங்களில் அவர்தான் ஜெயிப்பார். பந்தயத்துக்கு முதல் நாள் அந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவது அப்பா. பந்தயத்தன்று காரைப் புறப்படும் கோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விடுவதும் அப்பா. அதற்குப் பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் அந்த இன்ஜினைத் தொட்டவர், ஒரு நாள்கூட அந்தக் காரை ரோட்டில் ஓட்டியதில்லை.

அந்தக் கார் ஒரு பந்தயத்தில் உருண்டு நசுங்கிப் போனது. துரைக்குக் கை முறிந்தது. தோட்டமும் நொடித்ததால் அவர் சீமைக்குத் திரும்பிவிட்டார். போகும்போது, "இன்ஜின் நன்றாக இருக்கிறது, நீயே வைத்துக்கொள்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். யாரோ கிளார்க் விட்டுப் போன சாம்பல் நிறச் சலூன் ஏற்கெனவே எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா இரண்டையும் ஒன்றாக்கினார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் இருந்ததே, அதன் கிளையில் சங்கிலி கட்டித்தான் பழைய இன்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தார். புதியது உள்ளே அடங்கவில்லை. கால் வைக்கும் இடத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்த தகட்டை வெட்டிப் பின்னால் தள்ளினார். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலையே கிடையாது. எண்ணெய்க் கையோடு சோறு சாப்பிட வந்து அம்மாவிடம் திட்டு வாங்குவார். முடிந்ததும் இன்ஜின் மேலிருக்கும் பானட்டை மூடி, தோல் வார் ஒன்றால் இறுக்கிக் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் முன்பு இருந்த அதே கார்.

உள்ளே இருந்தது வேறு. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் ஒரு பம்பு அதில் இருந்தது. அப்பா அதைப் 'புளோவர்' என்பார். வேகம் ஏற ஏற அது கிறீச்சிடும். ரயில் ஊதுகிற மாதிரி இல்லை. கொதிக்கிற கெண்டியின் மூக்கிலிருந்து வருகிற மாதிரி, மெல்லியதாக, நிற்காமல். கால் வைக்கும் தகடு தோசைக்கல்லாகக் காயும். அம்மா நனைத்த கோணிச் சாக்கு ஒன்றை எனக்குக் காலடியில் போட்டுவிடுவாள். அந்த ஈரச் சாக்கின் ஆவி வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து எனக்குக் குமட்டும். ஆனாலும் முன் இருக்கையை விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்கு ஒரு வேலை இருந்தது.

வேகம் காட்டும் முள்ளைப் படிக்க வேண்டும். அப்பாவால் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. நான் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன். "முப்பது பா... நாற்பது... ஐம்பது பா." அந்தக் காருக்கென்று வைத்த மீட்டர், அறுபது மைலோடு எண் முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு சின்ன ஆணி. முள் போய் ஆணியில் இடித்தால், "முட்டிருச்சு பா!" என்று கத்துவேன். அப்போது அப்பா முகத்தில் வருகிற சிரிப்பை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்ற மனிதர் என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா பின்னால் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள்.

"ஏங்க, பிரேக்கு பழசுதானே?" என்று ஒரு தரம் கேட்டாள்.

"அது அடுத்த மாசம் மாத்திடலாம். இன்ஜின்தான் முக்கியம்."

அந்த அடுத்த மாசம் வரவில்லை.

கிள்ளானில் அத்தை வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் போய், மத்தியானம் சாப்பிட்டு, நாலு மணிக்குக் கிளம்புவோம். அன்றும் அப்படித்தான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். பத்து தீகாவுக்கு முன்னால் நேராக ஓடும் ஒரு துண்டுச் சாலை வரும். அப்பா அதற்காகவே காத்திருப்பார். புளோவர் கிறீச்சிட ஆரம்பித்தது. நான் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆணியில் முட்டியதும் கத்தினேன்.

ரொம்ப தூரத்தில் ஒரு மாட்டு வண்டி, எங்களுக்கு முன்னால் அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. நிறையத் தேங்காய். வண்டிக்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு மாட்டுக் குச்சியை வலது பக்கம் நீட்டிக் காட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்துத் தோட்டத்து மண் பாதையில் திரும்ப மாட்டைப் பிடித்து இழுத்தார்.

அவர் கணக்கு சரியானது. அந்தத் தூரத்தில் வருகிற அந்த மாதிரிச் சின்னக் கார் வந்து சேர்வதற்குள் இரண்டு வண்டிகள் திரும்பிவிடலாம். ஆனால் நாங்கள் நெருங்கிவிட்டபோது வண்டி ரோட்டின் குறுக்கே பாதிதான் வந்திருந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை, வழுக்கியது.

சத்தத்தைவிட அதற்குப் பிறகு வந்த அமைதிதான் எனக்கு ஞாபகம். தேங்காய்கள் ரோடு முழுக்க மெதுவாக உருண்டுகொண்டிருந்தன. ஒரு மாடு படுத்துக் கிடந்து காலை உதைத்தது, பிறகு உதைக்கவில்லை. இன்னொரு மாடு நுகத்தோடு நின்று நடுங்கியது. வண்டிக்காரர் சக்கரத்துக்கு அடியில் கிடந்தார். அப்பா ஓடிப்போய், தனியாளாக வண்டியைத் தூக்கிப் பிடித்து அவரை வெளியே இழுத்தார். தன் சட்டையைக் கிழித்து அவர் காலைக் கட்டினார். அதையும் நான் சொல்ல வேண்டும். அப்பா அந்த இடத்தை விட்டு ஓடிவிடவில்லை.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மட்கார்டு மடங்கி, ஒரு விளக்கு உடைந்திருந்தது. தம்பி தூங்கி எழுந்தவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லி, ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வண்டிக்காரருக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. அப்பாவுக்கு இரண்டும் தெரியும். அதனால் அப்பாவையே பேச்சை மாற்றிச் சொல்லச் சொன்னார்.

வண்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நான் திரும்பிப் பார்த்தேனுங்க. ரொம்ப எட்டத்துல வந்துச்சு. குச்சியை நீட்டிட்டுத்தான் திருப்பினேன். எப்படி வந்துச்சுன்னே தெரியலீங்க. ஊதிக்கிட்டே காத்து மாதிரி வந்துருச்சு."

அப்பா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பின் இருக்கையில் தம்பியை அணைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு அப்போது இங்கிலீஷில் பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான் தெரியும். ஸ்கூலில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவை. அப்பா சொன்னதில் ஒன்று அதில் இருந்தது. ஸ்லீப்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மஞ்சள் பூத்திரையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அப்பா போய்ப் பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் அப்பா தோளைத் தட்டி ஏதோ சொன்னார். அவர் என்ன சொன்னாரென்று அப்பா பிறகு அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இந்த மாதிரிக் கார் இறக்கத்துல போனாத்தான் நாற்பது தொடும், உன்மேல என்ன தப்பு இருக்கப்போவுதுன்னான்."

பானட்டை யாரும் திறக்கவில்லை.

பிறகு நடந்த விசாரணைக்கு அப்பா மட்டும் போய்வந்தார். வண்டிக்காரர்மேல் குற்றம் என்று முடிந்தது. வண்டியில் தூங்கிக்கொண்டே ரோட்டின் குறுக்கே திருப்பினார் என்று. அங்கே முறையான மொழிபெயர்ப்பாளர் இருந்தாராம். ஆனால் முதலில் எழுதிய தாளில் இருந்ததைத்தான் எல்லாரும் படித்தார்கள். "ஊதிக்கிட்டே காத்து மாதிரி வந்துச்சு" என்று வண்டிக்காரர் மறுபடியும் சொன்னபோது, வெளியே நின்றிருந்த அந்தக் காரைப் பார்த்துவிட்டு எல்லாரும் சிரித்தார்களாம்.

அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். "நீ ஒண்ணும் பாக்கல. புரியுதா? அப்பாவை வேலையை விட்டு எடுத்துட்டா நம்மளையும் கப்பல்ல ஏத்திருவாங்க. தம்பி கைக்குழந்தை."

"அவரு தூங்கலையேம்மா."

"ஒண்ணும் பாக்கல" என்றாள் மறுபடியும். அவள் கண் என்னைப் பார்க்கவில்லை.

குழந்தைகள் எதையும் மறந்துவிடும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் நம்பினார்கள். நாமும் பிறகு நம் பிள்ளைகள் விஷயத்தில் அப்படித்தானே நம்பினோம்.

மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு காலை, பத்து மணி. அப்பா முன்வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். அக்குளில் ஒரு கட்டை. வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணியிருந்தது. அவர் பேசிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"ஐயா, நான்தான் வண்டிக்காரன். கிள்ளான்லேருந்து வரேன்."

அப்பா முகத்தில் பாதி சோப்பு நுரை. கத்தி கையிலேயே நின்றுவிட்டது. "என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாமுங்க. கேஸெல்லாம் முடிஞ்சு போச்சு. நான் எதுக்கும் வரல." அவர் மூச்சு வாங்கினார். ரயிலடியிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். "ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போகலாம்னு. நீங்க நேர்ல பார்த்தவங்க. நெசமாவே நான் தூங்கிட்டேனா?"

அப்பா கத்தியைத் துண்டில் துடைத்தார்.

"திரும்பிப் பார்த்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. எட்டத்துல இருந்துச்சு. அடுத்து பார்த்தா மாடு கீழ கிடக்குது. நடுவுல நான் கண் அசந்திருந்தாத்தானே அப்படி ஆகும்? ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வண்டி முதலாளி சொல்றாரு. என் சம்சாரமும் அதைத்தான் சொல்லுது. குடிச்சிருந்தியான்னு கேக்குது. நான் குடிக்கிறதில்லைங்க. யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்ப தெரியல. அந்த மாட்டை நான் கன்னுலேருந்து வளர்த்தேன். நானே தூங்கிக் கொன்னுட்டேனான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

ஜன்னலுக்கு உள்ளே நான் நின்றிருந்தேன். என் பக்கத்தில் அம்மா. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கே இன்ஸ்பெக்டர் இல்லை, தாள் இல்லை. அந்த மனிதர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"ஆமா" என்றார் அப்பா. "தலை தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் பார்த்தேன்."

வண்டிக்காரர் தரையைப் பார்த்தார். "சரிங்க" என்றார். "அப்ப சரி. தப்பா நினைக்காதீங்க." கும்பிட முயன்றார்; கட்டை நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

அப்பா மீண்டும் கண்ணாடியைப் பார்த்து மழிக்க ஆரம்பித்தார்.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முந்தானையிலிருந்து ஒரு காசை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்தினாள். "கடைக்குப் போய்ச் சீனி வாங்கிட்டு வா. பின் கதவால போ. சீக்கிரம் ஓடு."

அலமாரியில் சீனி டின் நிறைய இருந்தது. முதல் நாள்தான் நானே கொட்டி வைத்தேன். அதை அம்மாவிடம் சொல்லப்போனவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அம்மா அப்பாவுக்குப் பயந்து வாய் திறக்காதவள் என்று பல வருஷம் அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு நாள் வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது, அந்தச் சீனி எதற்கென்று திடீரென்று புரிந்தது. கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளால் சொல்ல முடியாததைச் சொல்ல என்னை அனுப்பினாள்.

அப்பாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்காரர் வந்துபோன அந்த வாரமே அவர் இன்ஜினைக் கழற்றிப் பழையதைப் பூட்டிவிட்டார். கழற்றியது ரம்புத்தான் மரத்தடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. ஜப்பான்காரன் காலத்தில் யாரோ இரும்புக்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. கடைசிக் காலத்தில், படுக்கையில் இருந்தபோது, நான் கேட்காமலேயே ஒரு நாள் சொன்னார். "பானட்டுமேல கையை வெச்சுக்கிட்டு நின்னேம்மா. திறந்து காட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டிருப்பேன். அவன் கேக்கல." இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டுதான் அவர் வாழ்ந்திருக்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வண்டிக்காரர் வேலிக்கு வெளியே நின்று கேட்டாரே, அதைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று நான் ஓடினேன். ரயிலடிக்குப் போகும் பாதையில், சலவைக்காரர்கள் துணி காயப்போடும் கொடிகளுக்குப் பக்கத்தில் வண்டிக்காரரைப் பிடித்துவிட்டேன். அவர் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தார்.

"நீங்க தூங்கல" என்றேன். எனக்கு மூச்சு இரைத்தது.

அவர் நின்றார். "யாரு பாப்பா நீ?"

"நான் அந்தக் கார்ல இருந்தேன். நீங்க திரும்பிப் பார்த்தீங்க. குச்சியை நீட்டிக் காட்டினீங்க. உங்க கண்ணு திறந்துதான் இருந்துச்சு. எங்க கார்தான் ரொம்ப வேகமா வந்துச்சு. உள்ள இருக்கிறது ரேஸ் இன்ஜின். துரையோடது. அப்பா மாத்தி வெச்சாரு. யாருக்கும் தெரியாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. கட்டையைப் பாதையோரச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"எட்டத்துல இருந்துச்சா? நான் பார்த்தப்போ?"

"ரொம்ப எட்டத்துல."

"குச்சியை நீட்டினேனா?"

"நீட்டினீங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரிய ஆண்பிள்ளை அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காய்கிற வேட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இதை எங்க வீட்டுக்காரிகிட்ட ஒரு தரம் சொல்றியா தாயி? அந்த மரத்தடியிலதான் உட்காந்திருக்கு. கூட வரமாட்டேன்னுருச்சு. போய் அசிங்கப்பட்டுட்டு வான்னுச்சு."

கருவாடு கட்டிய துணி மூட்டையோடு அந்த அம்மாள் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். காதில் தோடு இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. நான் எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். என் ரிப்பனை, செருப்பை, கையில் இறுக்கிப் பிடித்திருந்த காசை.

"அன்னைக்கு ரோட்டுலயே சொல்லியிருக்கலாமே, பாப்பா" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எழுந்து, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, "வா, ரயிலு வந்துரும்" என்று அவரைக் கூப்பிட்டாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. தண்டவாளத்து வேலி ஓரமாக நின்றேன். சற்று நேரத்தில் கிள்ளான் ரயில் மெதுவாகக் கிளம்பி என்னைக் கடந்து போனது. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலோரம் அவர்கள் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேசிக்கொண்டிருந்தார். வலது கையை நீட்டி, பின்னால் திரும்பிக் காட்டி, இத்தனை தூரம் என்று விரித்துக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் குனிந்திருந்தாள். அவர் வாயையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.